காரில் பிரேக் அதிர்வு: வரலாறும் தீர்வும்

பிரேக் அதிர்வு என்பது, ஓடும் காரில் பிரேக் மிதியை அழுத்தும்போது மட்டும் ஸ்டீயரிங்கிலோ மிதியிலோ இருக்கையிலோ உணரப்படும் நடுக்கம் ஆகும். மிதியிலிருந்து காலை எடுத்ததும் அது நின்றுவிடும். பட்டறைகளில் இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் சொல்லப்படுகிறது: "டிஸ்க் வளைந்துவிட்டது." டிஸ்கை மாற்றுகிறார்கள் அல்லது லேத்தில் கடைகிறார்கள். ஆனால் சில மாதங்களில் அதிர்வு திரும்பி வருவதும் உண்டு. செலவு செய்த பின்பும் அது ஏன் திரும்புகிறது என்பதை அறிய, பிரேக் வளர்ந்த வரலாற்றைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

தொடக்க காலம்

இங்கிலாந்தின் பர்மிங்காமில் கார் தயாரித்துவந்த ஃபிரெடரிக் லான்செஸ்டர், 1902-இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். சக்கரத்துடன் சுழலும் தகட்டை இருபுறமிருந்தும் பிடித்து நிறுத்துவதே அவர் முறை. பிடிப்பதற்கு அவர் பயன்படுத்தியது செம்பு. அன்றைய புழுதிச் சாலைகளில் அது விரைவில் தேய்ந்துபோனது. அதே ஆண்டில் பிரான்சில் லூயி ரெனால்ட் டிரம் பிரேக்கை உருவாக்கினார். மூடிய டிரம்முக்குள் புழுதி அவ்வளவாகப் புகாது. எனவே அடுத்த ஐம்பது ஆண்டுகள் டிரம் பிரேக்கே கோலோச்சியது.

உராயும் பகுதிக்கு வெப்பம் தாங்கும் பொருள் தேவைப்பட்டது. ஃபெரோடோ நிறுவனத்தைத் தொடங்கிய ஹெர்பர்ட் ஃப்ரூட் போன்றோர் கல்நார் கலந்த லைனிங்குகளைக் கொண்டுவந்தனர். அவை வெப்பத்தைத் தாங்கின. ஆனால் அவற்றின் தூசு நுரையீரலுக்குப் பெருந்தீங்கு செய்வது பின்னர் தெரியவந்தது. பிரிட்டன் 1999-இல் கல்நாரை முழுமையாகத் தடை செய்தது. பிரேக் தூசைக் காற்றடித்தோ வாயால் ஊதியோ அகற்றக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

டிஸ்கின் மறுவருகை

டிரம் சூடானால் விரிந்து பிரேக் ஷூவை விட்டு விலகும், பிடிமானம் குறையும். டிஸ்க் சூடானால் பேடை நோக்கித் தடிக்கும். திறந்திருப்பதால் விரைவில் ஆறவும் செய்யும். ஜாகுவார் நிறுவனமும் டன்லப் நிறுவனமும் இணைந்து பந்தயக் கார்களில் இதைச் சோதித்தன. 1953-இல் பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப் வென்றது. அந்தப் பந்தயம் மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட சராசரி வேகத்தில் வெல்லப்பட்டது அதுவே முதல்முறை. 1955-இல் சிட்ரோயன் டிஎஸ், 1956-இல் கர்லிங் டிஸ்க் பிரேக்குடன் வந்த டிரயம்ப் டிஆர்3 ஆகியவை இதைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தன. கர்லிங்கைத் தன்னுள் கொண்டிருந்த லூகாஸ் நிறுவனமும் டிவிஎஸ் குழுமமும் இணைந்து 1962-இல் தொடங்கியதே சென்னை பாடியில் உள்ள பிரேக்ஸ் இந்தியா.

புதிய பிரேக், புதிய சிக்கல்

டிரம் பிரேக்கில் சுருள்வில் ஷூவைப் பின்னுக்கு இழுத்துவிடும். டிஸ்க் பிரேக்கில் பேட் டிஸ்கை ஒட்டியே நிற்கும். எனவே டிஸ்கின் தடிமனில் உள்ள சிறு வேறுபாடும் பிஸ்டனைப் பின்தள்ளி, பிரேக் எண்ணெயின் அழுத்தத்தை ஏற்றி இறக்கும். அதுவே நடுக்கமாகிறது.

எவ்வளவு சிறிய வேறுபாடு? பள்ளி ஆய்வகத்துத் திருகு அளவியை நினைவுகூருங்கள். அதன் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. அத்தகைய ஒன்றிரண்டு பிரிவுகள் போதும், ஸ்டீயரிங் ஆட.

பந்தயப் பொறியாளர் கரோல் ஸ்மித், டிஸ்க் "வளைந்துவிட்டது" என்பது பெரும்பாலும் தவறான நம்பிக்கை என்று எழுதினார். தடிமன் வேறுபாடு முக்கியமாக மூன்று வழிகளில் வருகிறது.

ஒன்று, ஹப்பில் துருவோ அழுக்கோ இருக்க, அதன்மேல் டிஸ்கைப் பூட்டுவது. டிஸ்க் மிகச் சிறிதளவு சாய்ந்து சுழலும். பிரேக் பிடிக்காதபோதும் ஒரே இடம் பேடில் உரசித் தேயும். சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்தே அதிர்வு தெரியும். புதிய டிஸ்க் "மறுபடி வளைவதன்" இரகசியம் இதுதான். சக்கர நட்டுகளை ஏற்றத்தாழ்வாக முறுக்கினாலும் இதே விளைவு.

இரண்டு, மிகச் சூடான டிஸ்கின்மேல் பேடை அழுத்தியபடி காரை நிறுத்தி வைப்பது. பேடின் பொருள் அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

மூன்று, கடும் வெப்பத்தில் வார்ப்பிரும்பின் சில இடங்கள் சிமென்டைட் எனும் கடினப் பொருளாக மாறுவது. அவை தேயாமல் மேடாகும், மேலும் சூடாகும். இது ஆழமாக இறங்கிவிட்டால் மேலாகக் கடைந்து பயனில்லை.

கண்டறிதல்

பிரேக் பிடிக்காதபோதும் கார் அதிர்ந்தால், முதலில் டயரையும் சக்கரச் சமநிலையையும் பார்க்க வேண்டும். பிரேக்கில் மட்டும் ஸ்டீயரிங் ஆடினால் பெரும்பாலும் முன்சக்கரம். இருக்கை அதிர்ந்தால் பின்சக்கரம். வேகம் குறையக் குறைய நடுக்கமும் மெதுவாகும், ஏனெனில் அது சக்கரச் சுழற்சியோடு இணைந்தது. குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் மிகுதியாக இருந்தால், அது சஸ்பென்ஷனின் இயல் அதிர்வெண்ணோடு நிகழும் ஒத்ததிர்வு. திடீரென அழுத்தும்போது மட்டும் மிதி படபடத்தால் அது ஏபிஎஸ் வேலை செய்வது, பழுதன்று. 1978-இல் பாஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் காரில் அறிமுகமானது.

பட்டறையில் டயல் கேஜால் டிஸ்கின் சாய்வாட்டத்தையும், மைக்ரோமீட்டரால் சுற்றிலும் எட்டு இடங்களில் தடிமனையும் அளக்க வேண்டும். காலிப்பர் பின்கள் இறுகியுள்ளனவா, வீல் பேரிங், பால் ஜாயின்ட், புஷ் ஆகியவை தளர்ந்துள்ளனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

சரிசெய்தல்

டிஸ்கில் பொறிக்கப்பட்டுள்ள குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போகாத அளவில் மட்டுமே கடையலாம். இல்லையேல் மாற்ற வேண்டும். ஒரு அச்சின் இரு டிஸ்குகளையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. எதைச் செய்தாலும், முதலில் ஹப்பைக் கம்பித் தூரிகையால் பளிச்செனத் துடைத்து, பொருத்திய பின் சாய்வாட்டத்தை மீண்டும் அளக்க வேண்டும். நட்டுகளைக் குறுக்குமறுக்கான வரிசையில் டார்க் ரென்ச்சால் முறுக்க வேண்டும். புதிய பேடைப் போக்குவரத்தில்லாத சாலையில் சில முறை மிதமாகப் பிடித்து, கார் முழுதும் நிற்கும் முன் விட்டு, ஆறவிட்டுப் பழக்க வேண்டும்.

அடுத்த முறை மெக்கானிக் "டிஸ்க் வளைந்துவிட்டது" என்றால், "எத்தனை மில்லிமீட்டர்? ஹப்பைத் துடைத்தீர்களா?" என்று கேளுங்கள். அந்த இரண்டு கேள்விகள் ஒரு சோடி டிஸ்கின் விலையை மிச்சப்படுத்தக்கூடும்.