படவரைஞரும் பட்டறைத் தொழிலாளரும்

பொறியியல் அறிவு படைத்தோர் தொழிலாளர் கூட்டங்களுக்கு வருவது அரிது. இப்பிரிவினை இயற்கையானதன்று. சம்பளப் பட்டியலிலும், உணவுச்சாலையிலும், ஏன், தொழிற்சங்க அட்டையிலுங்கூட அது நாள்தோறும் உற்பத்தி செய்யப்படுகின்றது. அதனைச் சிறிது காலத்துக்கேனும் தகர்த்துக் காட்டியவர்கள் பிரித்தானியாவின் லூக்காஸ் ஏரோஸ்பேஸ் நிறுவனத் தொழிலாளர்கள்.

விமானத் துணைக்கருவிகளைச் செய்துவந்த அந்நிறுவனத்துக்கு 17 தொழிற்சாலைகள் இருந்தன. தொழிலாளரோ 13 சங்கங்களிற் சிதறிக் கிடந்தனர். ஆட்குறைப்புக்கு இதனினும் வாய்ப்பான நிலை நிருவாகத்துக்கு வேண்டுமா? இந்நிலையிலேதான் பட்டறைப் பிரதிநிதிகள், சங்கப் பிரிவுகளை ஊடறுத்து, தாமே ஓர் ஒன்றிணைந்த குழுவை அமைத்தனர். எந்தத் தலைமைப்பீடமும் அதனைக் கூட்டவில்லை. கடைசற்காரரும் படவரைஞரும் வடிவமைப்புப் பொறியியலாளரும் அதில் ஒன்றாக அமர்ந்தனர். ஷெபீல்டுக்கு அண்மையிலுள்ள வோட்லி மாளிகையில் வார இறுதிகளிற் கூடினர். பிரபுக்களிடமிருந்து தொழிலாளர் இயக்கத்தின் கைக்கு வந்த மாளிகை அது.

படவரைஞர் நல்லெண்ணத்தால் மட்டும் வந்தனர் என்று கருதுதல் தவறு. கணினி அவர்களுடைய வரைபலகைக்கும் உலைவைக்கத் தொடங்கிய காலம் அது. முன்னர் கைவினைஞனுக்கு நேர்ந்தது இனித் தமக்கும் நேரும் என்பதை அவர்களுள் ஒருவரான மைக் கூலி தெளிவாக உணர்ந்திருந்தார். (அயர்லாந்துக்காரரின் பெயர் தமிழில் இவ்வாறு அமைந்தது தற்செயலே!)

1974 நவம்பரில் குழுவினர் கைத்தொழில் அமைச்சர் ரோனி பென்னைச் சந்தித்தனர். மாற்றுத் திட்டமொன்றைத் தாமே வரையும் எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது. தம்மிடமுள்ள திறனையும் இயந்திரங்களையும் கொண்டு சமுதாயத்துக்குப் பயனுள்ள எவற்றைச் செய்யலாமெனக் கேட்டு, அறிஞர்களுக்கும் நிறுவனங்களுக்கும் 180 கடிதங்கள் விடுத்தனர். உருப்படியான மறுமொழிகள் மூன்றோ நான்கோதான் வந்தன. விடை தெரிந்த வினாக்களையே கேட்டுப் பழகிய கல்வியின் இலட்சணம் இது. ஆசிரியனாகிய எனக்கு இதனைப் படித்தபோது வெட்கமாகவே இருந்தது.

பின்னர் அதே வினாவைத் தம் சகதொழிலாளரிடமே கேட்டனர். உற்பத்தியாளராக மட்டுமன்றி, நுகர்வோராகவும் இருந்து எண்ணிப் பார்க்குமாறு வினாக்கொத்து அவர்களைத் தூண்டியது. யோசனைகள் குவிந்தன. 1976 ஜனவரியில் வெளிவந்த திட்டத்தில் ஏறத்தாழ 150 பொருட்கள் இடம்பெற்றன: சிறுநீரக இயந்திரங்கள், வெப்பமேற்றிகள், காற்றாலைகள், தெருவிலும் தண்டவாளத்திலும் ஓடவல்ல வண்டி. முள்ளந்தண்டுக் குறைபாட்டுடன் பிறந்த குழந்தைகள் தாமே செலுத்தத்தக்க சிறுவண்டியொன்றும் அவற்றுள் அடங்கும். அதனை வடிவமைத்த பொறியியலாளர் தம் ஆக்கத்தைப் பயன்படுத்தும் குழந்தையை நேரிற் கண்டார். போர்விமான உறுப்புக்களை வரைந்தோருக்கு அத்தகைய வாய்ப்பு ஏது?

நிறுவனம் திட்டத்தை நிராகரித்தது. பென் 1975இலேயே வேறு அமைச்சுக்கு மாற்றப்பட்டிருந்தார். அரசாங்கமோ உத்தியோகபூர்வ சங்கங்களின் வழியாக வருமாறு கூறித் தட்டிக்கழித்தது. அச்சங்கங்களின் மேலிடத்துக்கோ தன் அனுமதியின்றித் தோன்றிய குழுவின்மீது பெருவிருப்பமில்லை. நிருவாகத்தின் எதிர்ப்பு எதிர்பார்க்கத்தக்கதே. சொந்த இயக்கத்தின் இப்பாராமுகத்தையே நான் பெரிய குற்றமாகக் கருதுகிறேன்.

1981இல் கூலி வேலைநீக்கம் செய்யப்பட்டார். பின்னர் இலண்டன் மாநகரசபையின் தொழில் முயற்சிச் சபையிற் சேர்ந்து, பொதுமக்கள் உட்சென்று கருவிகளைக் கையாளவும் பொறியியலாளருடன் கலந்து பொருட்களை ஆக்கவும் கூடிய திறந்த பட்டறைகளை நிறுவ முன்னின்றார். அம்மாநகரசபையை 1986இல் தட்சர் அரசாங்கம் கலைத்தது.