செண்டு முதல் பொக்கே வரை

போன மாசம் எங்க ஊர் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ஒரு அதிகாரி வந்திருந்தார். டவுன்ல வாங்கின பொக்கேயைக் கொடுத்தாங்க. வாங்கின கையோட பின்னால நின்னவர்கிட்ட நீட்டிட்டார். விழா முடிஞ்சு பார்த்தா, அது நாற்காலிக்கு அடியில கிடக்கு. பிளாஸ்டிக் தாளைப் பிரிச்சேன். ஜெர்பரா, ரோஜா, நடுவுல தண்டோட வெட்டின நாலு சம்பங்கி. நானும் சம்பங்கி போடுறவன். இருட்டோட எந்திரிச்சுப் பறிக்கிற பூ. மனசு கேக்கல. அதனாலதான் இந்தப் பதிவு.

செண்டுங்கிறது பழைய சொல். பூங்கொத்துக்கு மட்டுமில்ல, பந்துக்கும் அதே பேர்தான். செண்டுன்னு ஒரு ஆயுதமும் உண்டு. நம்ம மதுரைத் திருவிளையாடற் புராணத்துல, உக்கிரபாண்டியனுக்கு வேல், வளை, செண்டு மூணும் கிடைக்குது. மழை பொய்ச்சுப் பஞ்சம் வந்தப்ப, அந்தச் செண்டால மேரு மலையையே அடிச்சுப் பொன் வாங்கி வந்தான்கிறது கதை.

சங்க காலத்துல காதலன் கொண்டு போற பரிசுக்குக் கையுறைன்னு பேர். பூவும் தழையும்தான் பெரும்பாலும். குறுந்தொகை முதல் பாட்டே அதைத் தோழி வேண்டாம்னு சொல்றதுதான். காந்தள் எங்க மலையிலயே நிறையக் கிடக்குன்னு திருப்பி விட்டுர்றா!

ஊர்ப் பொதுக் காரியத்துலயும் பூதான் பேசியிருக்கு. ஆநிரை கவரப் போறவன் வெட்சி சூடுவான். மீட்கப் போறவன் கரந்தை. கோட்டையைக் காக்கிறவன் நொச்சி. ஜெயிச்சவன் வாகை. தேர்தல்ல ஜெயிச்சவரை இன்னைக்கும் 'வெற்றிவாகை சூடினார்'னு பேப்பர்ல போடுறாங்க. வாகைப்பூ எப்படி இருக்கும்னு கேட்டா முழிப்பாங்க. எங்க வேலியில நிக்கிற நொச்சியை இப்ப கொசு விரட்டத்தான் ஒடிக்கிறோம்.

வெள்ளைக்காரன் காலத்துல துரையைப் பார்க்கப் போனா எலுமிச்சம்பழமும் மாலையும் கொண்டு போறது வழக்கம். மேடையில ஆளுயர மாலை போடுறதெல்லாம் நாம கண்ணால பார்த்தது.

நான் சின்னப்பயலா இருந்தப்ப, கல்யாணத்துக்குப் பொண்ணு மாப்பிள்ளை கையில செண்டு இருக்கும். பூக்கட்டுற தாத்தா ஒருத்தர் இருந்தார். மூங்கில் சிம்புல நனைச்ச வாழை நாரைச் சுத்தி, சம்பங்கி மொட்டு ஒரு அடுக்கு, அரளி ஒரு அடுக்கு, இடையில மரிக்கொழுந்து வச்சுக் கட்டுவார். ஊர்வலம் முடிஞ்சதும் பொம்பளைப் பிள்ளைங்க பிரிச்சுத் தலையில வச்சுக்கும். மிச்சம் எருக்குழிக்குப் போகும். வீணாப் போனதுன்னு எதுவும் இல்ல.

வெளிநாட்டுப் பூன்னு நான் குறை சொல்ல வரலைங்க. நம்ம சம்பங்கியும் செண்டுமல்லியும் மெக்சிகோவுல இருந்து வந்ததுதான். ஜெர்பராவுக்கு ஆப்பிரிக்கா. பூ எங்கிருந்து வந்தாலும் நம்ம மண்ணுல வளர்ந்தா நம்ம பூதான். என் வருத்தம் அந்தப் பிளாஸ்டிக் தாளும், கட்டின கையைத் தெரியாமப் போனதும்தான்.

என் மக கல்யாணத்துக்கு அந்தத் தாத்தாவைத் தேடிப் போனேன். கண்ணு மங்கிப் போச்சு அவருக்கு. திண்ணையில உக்காந்து, "நாரை இறுக்காத, மொட்டு ஒடிஞ்சிரும்"னு அவர் சொல்லச் சொல்ல, நானும் எங்க வீட்டம்மாவும் கட்டினோம். அரை நாள் ஆச்சு. செண்டு கொஞ்சம் கோணல்தான். கடைசியில அவர் கையில கொடுத்தேன். தடவிப் பார்த்துட்டு, "பரவால்ல, மாப்பிள்ளை பிடிக்கலாம்"னார். அடுத்த வருஷம் அவரும் போய்ச் சேர்ந்துட்டார்.

இந்தப் பொக்கேயைப் பார்த்த அன்னைக்கே தலைமையாசிரியர்கிட்ட சொல்லிட்டேன், அடுத்த ஆண்டு விழாவுக்குச் செண்டு நான் கட்டித் தர்றேன்னு. கத்துக்க ரெண்டு பிள்ளைகளை அனுப்புங்கன்னும் கேட்டிருக்கேன். வாங்குறவர் அதை யார்கிட்ட வேணா நீட்டிட்டுப் போகட்டும். கீழ கிடந்தா எங்க எருக்குழிக்கு ஆகும்.