வெட்டலாம், திரிக்கலாமா?

1958 ஜூன் மாதம் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஜே.ஆர்.ஆர். டோல்கீன், அமெரிக்காவில் இருந்த ஃபாரஸ்ட் ஜே. அக்கர்மனுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவல் 1954, 1955ஆம் ஆண்டுகளில் 3 பாகங்களாக வெளிவந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அதைப் படமாக்க விரும்பிய அக்கர்மனின் குழுவுக்காக மார்டன் கிரேடி ஜிம்மர்மன் எழுதிய கதைச் சுருக்கம் நாவலாசிரியரின் கைக்கு வந்திருந்தது. டோல்கீன் அதைப் பக்கம் பக்கமாகப் படித்துக் குறிப்பெழுதினார். போரோமிர் என்ற முக்கியப் பாத்திரத்தின் பெயரே 'போரிமோர்' என்று பிழையாக இருந்தது. எல்ஃப் மக்கள் வழிநடைக்குக் கட்டிக்கொடுக்கும் லெம்பாஸ் அப்பம், ஆய்வுக்கூடத்தில் தயாரான சத்துணவுபோல விவரிக்கப்பட்டிருந்தது. நாவலில் எப்போதாவது மட்டுமே வரும் கழுகுகள் சுருக்கத்தில் நினைத்தபோதெல்லாம் பறந்து வந்தன. அந்தப் படம் எடுக்கப்படவே இல்லை. ஆசிரியரின் குறிப்புகளோடு கூடிய பிரதி அமெரிக்காவின் மார்க்வெட் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகிறது. மிகுபுனைவு நாவல்கள் திரைக்கு வரும்போதெல்லாம் வாசகர்கள் இன்று நடத்தும் வாதம் முழுவதும் அந்தக் கடிதத்தில் முன்கூட்டியே நடந்து முடிந்திருக்கிறது.

அந்தக் கடிதத்தை ஒரு எழுத்தாளரின் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்வது பெரிய தவறு. சுருக்க வேண்டிய கட்டாயம் டோல்கீனுக்குப் புரிந்திருந்தது. எதைச் சுருக்கலாம் என்று அவரே வழியும் சொன்னார். எண்டுகள் என்னும் மர மனிதர்களின் கதைக்கும் ஹெல்ம்ஸ் டீப் கோட்டைப் போருக்கும் போதிய இடமில்லை என்றால், மையக் கதைக்கு நேரடித் தொடர்பில்லாத கோட்டைப் போரையே எடுத்துவிடலாம் என்பது அவர் யோசனை. கதையின் தொடக்கப் பகுதியில் வரும் டாம் பாம்படிலின் மனைவி கோல்ட்பெர்ரி பொருளில்லாமல் வந்து போவதைவிட வராமலே இருப்பது மேல் என்றார். சாருமான் என்ற தீய மந்திரவாதியின் மரணத்துக்குப் பின்புலமான கடைசிப் பகுதி இல்லையென்றால், அவனை வேறெங்கோ வைத்துச் சாகடிக்கவும் தேவையில்லை என்றார். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு அளவுகோல் கிடைக்கிறது: கதையின் ஒரு பகுதியை வெட்டுவது இழப்பு, இருக்கும் பகுதியைத் திரிப்பது சேதம். இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம், சேதத்தைப் பொறுக்க முடியாது. ரசிகர்களின் வாதங்களை இந்த அளவுகோலால் அளந்தால், எது நியாயம், எது வெறும் ஏமாற்றம் என்று பிரித்துவிடலாம் என்பதே என் கருத்து.

படங்கள் வருவதற்கு வெகு முன்பே வாசகர்கள் திரண்டிருந்தார்கள். 1965இல் அமெரிக்க டோல்கீன் சங்கம், 1967இல் மித்தோபோயிக் சொசைட்டி, 1969இல் பிரிட்டனின் டோல்கீன் சொசைட்டி என்று அமைப்புகள் தோன்றின. அதே 1969இல் படமாக்கும் உரிமை யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்துக்குப் போனது. ஜான் பூர்மன் எழுதிய திரைக்கதை படமாகவில்லை. 1978இல் ரால்ஃப் பக்ஷி எடுத்த அனிமேஷன் படம் கதையின் பாதியிலேயே, கோட்டைப் போரோடு நின்றுபோனது. இருந்தும் அந்தப் படத்தின் ஒரு காட்சி நம் அளவுகோலுக்கு நல்ல உரைகல். அழிக்க வேண்டிய மோதிரத்தைச் சுமந்து செல்லும் ஹாபிட் என்னும் சிற்றுருவ இனத்தவன் ஃப்ரோடோ. பிசாசுக் கத்தியால் குத்துப்பட்ட அவனைக் காப்பாற்ற, நாவலில் க்ளோர்ஃபிண்டெல் என்ற எல்ஃப் வீரன் தன் குதிரையைக் கொடுக்கிறான். ஃப்ரோடோ தனியாக ஆற்றைக் கடக்கிறான். நடுங்கும் கையால் வாளை உயர்த்தி, துரத்தி வந்த கறுப்புக் குதிரை வீரர்களிடம் மோதிரத்தைத் தர மறுக்கிறான். பக்ஷி க்ளோர்ஃபிண்டெலை நீக்கிவிட்டு லெகோலஸ் என்ற வேறொரு எல்ஃபை அங்கே வைத்தார். ஆற்றைக் கடந்து எதிர்த்து நின்றவன் ஃப்ரோடோவேதான். 2001இல் பீட்டர் ஜாக்சன் அந்த இடத்தில் ஆர்வென் என்ற எல்ஃப் பெண்ணை வைத்தார். அவள் மயங்கிக் கிடக்கும் ஃப்ரோடோவைத் தன் குதிரையிலேயே சுமந்து போகிறாள், அவளே வாளை உருவுகிறாள், அவளே சவால் விடுகிறாள்.

இரண்டு படங்களிலுமே க்ளோர்ஃபிண்டெல் இல்லை. அதற்காக இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. முதல் படம் ஆளை மாற்றியது; இரண்டாவது படம் செயலைப் பிடுங்கிக்கொண்டது. கடைசியில் மோதிரத்தை அழிக்க வேண்டிய எரிமலை வாயில் ஃப்ரோடோவின் மன உறுதி குலைகிறது. அந்த வீழ்ச்சியின் கனம் நமக்குத் தெரிய வேண்டுமென்றால், முன்பு அவன் எவ்வளவு எதிர்த்து நின்றான் என்பதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். ஆற்றங்கரை அதற்கான முதல் சாட்சி. ஆர்வெனுக்கு அதிக இடம் கொடுத்ததைப் பற்றி எழுந்த முணுமுணுப்பு அடங்கிவிட்டது; ஃப்ரோடோவின் எதிர்ப்பு காணாமல் போன குறை இன்றும் உறுத்துகிறது.

இதே வழக்கின் பெரிய வடிவம் ஃபராமிர். தன் அண்ணன் போரோமிரை அழித்த அதே மோதிரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், நாவலின் ஃபராமிர் அதைத் தொடவில்லை. விவரம் தெரிந்ததும் ஃப்ரோடோவை வழியனுப்பி வைக்கிறான். 2002இல் வந்த இரண்டாம் படத்தில் அவன் ஃப்ரோடோவைப் பிடித்து, தந்தைக்குக் காணிக்கையாகக் கொடுக்கும் எண்ணத்தோடு ஓஸ்கிலியாத் நகரம் வரை இழுத்துப் போன பிறகே மனம் மாறுகிறான். அதன் திரைக்கதையை எழுதியவர்கள் ஃப்ரான் வால்ஷ், ஃபிலிப்பா போயன்ஸ், ஸ்டீபன் சின்க்ளேர், ஜாக்சன் ஆகிய நால்வர். அவர்கள் தரப்பிலும் வலுவான காரணம் உண்டு. ஷெலாப் என்ற ராட்சதச் சிலந்தியின் பகுதியை அடுத்த படத்துக்குத் தள்ளிவிட்டதால், இந்தப் படத்தில் ஃப்ரோடோவின் பயணத்துக்கு உச்சக்கட்டம் இல்லாமல் போனது. அதோடு, எல்லோரையும் வீழ்த்தும் மோதிரத்தை ஒருவன் சாதாரணமாக விலக்கிவிட்டால் அதன் பயங்கரம் பார்வையாளர் மனதில் நீர்த்துப்போகும் என்றும் அஞ்சினார்கள். சினிமா வேறு கலை, அதற்கென்று தனி விதிகள் உண்டு என்ற வாதம் இங்கேதான் மிகக் கூர்மையாக நிற்கிறது.

அந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. பக்கத்தை மெதுவாகப் புரட்டும் வாசகனும், 3 மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருக்கும் பார்வையாளனும் ஒரே வேகத்தில் கதை கேட்பதில்லை. ஆனால் டோல்கீன் 1958லேயே இதற்குப் பதில் சொல்லியிருந்தார். எந்த ஊடகமானாலும் கதை சொல்லும் கலையின் அடிப்படை அப்படி முற்றிலும் மாறிவிடாது. மூலத்தின் உயிர்நாடி எங்கே இருக்கிறதென்று தெரியாமல் தேவையற்றதைப் புகுத்துவதால்தான் படங்கள் கெடுகின்றன என்பது அவர் வாதத்தின் சாரம். ஃபராமிர் அதற்குச் சான்று. மோதிரத்தின் வலிமையைக் காட்டுவதற்காகவே போரோமிர் கதையில் இருக்கிறான். மனிதன் அதை மறுக்கவும் கூடும் என்று காட்டுவதற்காகத் தம்பி இருக்கிறான். தம்பியையும் அண்ணன் வழியிலேயே பாதி தூரம் நடக்க வைத்தால், இரண்டாவது பாத்திரமே எதற்கு என்ற கேள்வி வந்துவிடுகிறது. பின்னர் வந்த நீட்டித்த பதிப்பில் அண்ணன், தம்பி, தந்தை மூவரும் சந்திக்கும் ஒரு பழைய நினைவுக் காட்சி சேர்ந்தது. தந்தையின் அன்புக்காக ஏங்கும் மகனாக ஃபராமிர் அங்கே துலங்குகிறான். ரசிகர்கள் பலர் அந்தப் பதிப்பையே ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் கூடுதல் நேரம் என்று நான் நினைக்கவில்லை. ஒரு மனிதன் ஏன் அப்படி நடந்தான் என்ற நியாயம் கிடைத்ததே காரணம்.

ரசிகர்களின் குரலால் படத்துக்கு நன்மை விளைந்ததும் உண்டு. ஹெல்ம்ஸ் டீப் போரில் ஆர்வென் வாளேந்திச் சண்டையிடும் காட்சிகள் படமாக்கப்பட்டன. செய்தி கசிந்ததும் வாசகர்கள் கொதித்தார்கள். படக்குழுவும் அது கதையோடு ஒட்டவில்லை என்று உணர்ந்து அந்தக் காட்சிகளை நீக்கியது. பிறகு அவர்கள் நாவலின் பிற்சேர்க்கையில் இருக்கும், மனிதனான அரகோர்னுக்கும் அமரத்துவம் கொண்ட ஆர்வெனுக்கும் இடையிலான காதல் கதைக்குத் திரும்பினார்கள். கணவனின் கல்லறை அருகே முக்காடிட்ட ஆர்வென் தனியே நிற்கும் அந்தக் காட்சி அங்கிருந்து வந்தது. அமரத்துவத்தைத் துறப்பவளின் துணிவு போர்க்களத்தில் வாள் வீசுவதைவிடப் பெரியது என்பதைப் புத்தகமே சொல்லிக்கொடுத்தது.

என் அளவுகோலுக்கு ஒரு கடினமான வழக்கும் இருக்கிறது. போர் முடிந்து ஊர் திரும்பும் ஹாபிட்கள், தங்கள் ஷையர் மண் சூறையாடப்பட்டுக் கிடப்பதைக் கண்டு தாங்களே அதை மீட்கிறார்கள். இந்தப் பகுதி தொடக்கத்திலேயே திட்டமிட்ட, கதைக்கு இன்றியமையாத பகுதி என்று டோல்கீன் இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் எழுதினார். ஜாக்சன் படத்தில் அது கெலாட்ரியல் என்ற எல்ஃப் தலைவியின் நீர்க்கண்ணாடியில் சில நொடிகள் எரியும் காட்சியாக மட்டுமே எஞ்சியது. இது வெறும் வெட்டு என்று விட்டுவிடலாமா? முடியாது. போர் தூரத்தில் நடந்தாலும் வீட்டுக்குள் வரும் என்ற பொருளே அந்த வெட்டோடு போய்விட்டது. ஆகவே பொருளையே அறுத்துக்கொண்டு போகும் வெட்டும் திரிப்புதான் என்று அளவுகோலைத் திருத்திக்கொள்கிறேன். மாறாக டாம் பாம்படில் பகுதி முழுவதுமே படத்தில் இல்லை. விரும்பிப் படித்தவர்கள் வருந்தினார்கள். ஆனாலும் அவன் இல்லாமல் கதை தன் பாதையில் நடந்தது.

புத்தகம் அலமாரியில் அப்படியே இருக்கிறதே, பிறகென்ன கவலை என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு பிரதியைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் படத்தை முதலில் பார்ப்பவர் பின்பு நாவலைத் திறக்கும்போது, அவர் மனதில் ஏற்கெனவே ஒரு முகமும் ஒரு குணமும் பதிந்திருக்கின்றன. உர்சுலா லெ குவின் இதை நன்றாக அறிந்திருந்தார். அவருடைய 'எர்த்ஸீ' உலகின் நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். அங்கே பெரும்பாலான மக்கள் வெள்ளையர் அல்லர். 2004இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக எடுத்த குறுந்தொடரில் கெட் வெள்ளையனாகிவிட்டான். லெ குவின் பகிரங்கமாக எதிர்த்து எழுதினார். எல்.ஃப்ராங்க் பாம் 1900இல் எழுதிய ஓஸ் கதையின் வெள்ளிக் காலணி, 1939 படத்தில் டெக்னிகலர் வண்ணம் எடுபடுவதற்காகச் சிவப்பானது. அதனால் கதைக்கு ஒரு குறையும் வரவில்லை. காலணியின் நிறம் மாறலாம். தன்னைப் போன்ற ஒரு நாயகனைக் கடைசியில் கண்டுகொண்ட சிறுவனிடமிருந்து அந்த நாயகனின் நிறத்தைப் பறிக்கக் கூடாது. இரண்டும் நிறம்தான் என்று சொல்பவர்கள் கதை யாருக்கு என்ன கொடுத்தது என்பதைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

ரசிகர்கள் எதிலும் திருப்தியடைய மாட்டார்கள் என்பது கடைசிக் குற்றச்சாட்டு. வரலாறு அதை ஒப்பவில்லை. டோல்கீனின் மகன் கிறிஸ்டோபர் 2012இல் ல மோந்த் இதழில் படங்களைக் கடுமையாகச் சாடினார். ஆனால் பெரும்பாலான வாசகர்கள் அந்த எல்லைக்குப் போகவில்லை. வெட்டிவிடலாம் என்று ஆசிரியரே சொன்ன கோட்டைப் போரை ஜாக்சன் இரண்டாம் படத்தின் உச்சமாக வளர்த்தெடுத்தார். மழையும் இருளும் சூழ்ந்த அந்த மதிலை வாசகர்கள் கொண்டாடினார்கள், நாவலின் அச்சமும் துணிவும் அங்கே சிதையாமல் இருந்ததால். 3ஆவது படம் 11 ஆஸ்கர் விருதுகளை வாங்கியபோது மகிழ்ந்தவர்களிலும் அவர்கள் இருந்தார்கள். நீட்டித்த பதிப்புகளின் முடிவில், ரசிகர் மன்ற உறுப்பினர்களின் பெயர்கள் நிமிடக்கணக்கில் திரையில் ஏறிக்கொண்டே போகின்றன. ஃபராமிருக்காக வாதாடியவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். வரி வரியாகப் படித்தவர்களுக்குத்தான் எந்த வரி போனால் கதை தாங்கும், எந்த வரி போனால் தாங்காது என்று தெரியும். 1958இல் ஒரு நாவலாசிரியர் தனியாகச் செய்த அந்தக் காவலை அவர்கள் இன்று ஊராகச் சேர்ந்து செய்கிறார்கள்.