சபுராளி

நாகூர், காரைக்கால், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என்று நீளும் கடற்கரை முஸ்லிம் ஊர்களில் ‘சபுராளி’ என்ற சொல்லுக்கு யாரும் பொருள் கேட்பதில்லை. பிழைப்புக்காகக் கடல் தாண்டிப் போய், வருஷக்கணக்கில் அங்கேயே இருந்து, ஊருக்குப் பணம் அனுப்புகிறவர் சபுராளி. சிங்கப்பூர், பினாங்கு, துபாய், ரியாத் எங்கே இருந்தாலும் பெயர் அதுதான்.

சொல்லின் முற்பாதி அரபு. ‘ஸஃபர்’ என்றால் பயணம். அதே வேரிலிருந்து வந்ததுதான் பயணியைக் குறிக்கும் ‘முசாஃபிர்’. பழைய ஆட்கள் பயணியர் விடுதியை ‘முசாபரி பங்களா’ என்று சொன்னது அதனால்தான். சுவாஹிலி வழியாக உலகம் சுற்றி வந்த ‘சஃபாரி’யும் இந்த வேர்தான். திரை விலக்குதல் என்ற பொருளும் அந்த வேருக்கு உண்டு. மனிதரின் உண்மையான குணத்தை வெளியே கொண்டுவருவதால் பயணத்துக்கு இந்தப் பெயர் வந்தது என்று பழைய அரபு அகராதிக்காரர்கள் விளக்கம் சொல்வார்கள்.

பிற்பாதி நம்முடையது. தொழிலாளி, கூட்டாளி, பங்காளி, கடனாளி, நோயாளி ஆகியவற்றில் உள்ள அதே ‘ஆளி’. என் பார்வையில் சொல்லின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பயணி என்பவர் வண்டியில் இருக்கும் வரைதான் பயணி; இறங்கிவிட்டால் அந்தப் பெயர் போய்விடும். கடனாளி அப்படியல்ல, தூங்கும்போதும் கடனாளிதான். சபுராளியும் இந்த வரிசையில் சேர்ந்தவர். விடுமுறையில் வந்து சொந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதும் ஊர் அவரைச் சபுராளி என்றுதான் சொல்லும்.

மார்க்கச் சட்டத்தில் பயணத்துக்குக் காலவரம்பு உண்டு. பயணத்தில் இருப்பவர் 4 ரக்அத் தொழுகையை 2 ஆகச் சுருக்கிக்கொள்ளலாம். ஆனால் ஓர் இடத்தில் 4 நாள் தங்க எண்ணினாலே ஷாஃபி மத்ஹபின்படி (சட்டப் பிரிவின்படி) அவர் பயணி அல்லர். ஹனஃபி மத்ஹபில் அது 15 நாள். ஆக, சட்டம் சில நாட்களிலேயே முடித்துவிடும் பயணத்தை நம் ஊர்ப்பேச்சு முப்பது வருஷத்துக்கு நீட்டியிருக்கிறது. அவர் அங்கே குடியிருக்கிறார் என்று ஒப்புக்கொள்ள ஊருக்கு மனம் வரவில்லை. போனவர் வந்துவிடுவார் என்ற பிடிவாதம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழ் நாக்கில் மூன்று அரபுச் சொற்கள் கிட்டத்தட்ட ஒரே ஒலிக்கு வந்துவிட்டன. பயணமான ஸஃபர், ஹிஜ்ரி ஆண்டின் இரண்டாம் மாதமான ஸஃபர், பொறுமை என்ற பொருளுள்ள ஸப்ர். அரபியில் முதற்சொல்லின் ‘ஸ’ வேறு, மற்ற இரண்டின் ‘ஸ’ வேறு. மூன்றுக்கும் வேரும் வெவ்வேறு. தமிழில் அந்த வேறுபாடுகள் நிற்காமல் எல்லாம் ‘சபர்’, ‘சபுர்’, ‘சபூர்’ என்று உருண்டுவிட்டன. எனவே பயணமும் பொறுமையும் ஒரே சொல் என்று யாராவது விளக்கினால் நம்பாதீர்கள். ஆனால் புருஷனைக் கப்பலேற்றிவிட்டு வந்த பெண்ணிடம் ‘சபூர் செய்’ என்று மூத்தவர்கள் சொல்லும்போது, போனவரின் சொல்லும் இருப்பவளின் சொல்லும் அந்த வீட்டில் பக்கத்துப் பக்கத்தில் ஒலித்திருக்கும்.

அந்தக் கப்பல்களில் எல்லாருக்கும் தெரிந்தது ‘ரஜூலா’. 1926இல் கட்டப்பட்டது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. நாகையில் அது கரைக்கு வராது. படகில் போய்த்தான் ஏற வேண்டும். அதற்குப் பின் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பல் 1984 பிப்ரவரியில் தீப்பிடித்து உயிர்கள் போனதோடு அந்தக் கடல்வழி முடிந்தது.

போன இடத்தில் ஊர் ஏக்கத்தைக் கல்லிலும் சுண்ணாம்பிலும் கட்டிவைத்திருக்கிறார்கள். சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்தது நாகூர் தர்கா. அங்கே அடக்கத்தலம் கிடையாது. கடலோடிகளைக் காப்பவர் என்று நம்பப்பட்ட நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவு மட்டுமே உண்டு. பினாங்கு சூலியா தெருவிலும் அப்படி ஒன்று இருக்கிறது. ஊருக்குப் போக முடியாதவர்கள் ஊரின் அடையாளத்தை அங்கே வரவழைத்துக்கொண்டார்கள்.

எல்லாரும் திரும்பவில்லை. மலாய்ப் பெண்களை மணந்து அங்கேயே நின்றவர்களின் பிள்ளைகள் பினாங்கில் ஜாவி பெரானக்கான் என்ற தனிச் சமூகமாக வளர்ந்தார்கள். நாம் ‘மாமா’ என்று கூப்பிட்ட உறவுமுறையே அங்கே ‘மாமாக்’ என்று தமிழ் முஸ்லிம்களுக்குச் சமூகப் பெயராகி, இன்று சாப்பாட்டுக்கடைக்கும் பெயராகிவிட்டது. கடையும் கப்பலும்கூட மலாய்க்குப் போய் ‘கெடாய்’, ‘கப்பால்’ என்று வாழ்கின்றன. சபுராளி மட்டும் அந்த மண்ணில் வேர் பிடித்த சொல்லாகவில்லை. தங்கிவிட்டவனுக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை.

1973க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறி வளைகுடா திறந்தபோது சொல் மறுபடி உயிர்பெற்றது, இன்னும் கடுமையான பொருளோடு. அங்கே குடியுரிமை என்ற பேச்சே சாதாரணத் தொழிலாளிக்குக் கிடையாது. கஃபீல் எனும் பொறுப்பாளர் கையில் வேலை, இக்காமா எனும் தங்கல் அனுமதியில் இருப்பு. குடும்பத்தை அழைத்துக்கொள்ளக் குறிப்பிட்ட சம்பளம் வேண்டும். கட்டடத்தில் கம்பி கட்டுகிறவருக்கு அது எட்டாது. எத்தனை ஆண்டு உழைத்தாலும் பயணியாகவே வைத்திருக்கும் ஏற்பாடு இது. அந்தக் காலத்தில் கடிதம் போதாமல் கேசட்டில் குரலைப் பதிந்து அனுப்பினார்கள். பிள்ளைகள் வாப்பாவை முதலில் குரலாகத்தான் அறிந்தார்கள்.

இதற்கு ஈடாக வந்தவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஓடு போய் மாடி வந்தது. தங்கைகளுக்கு நிக்காஹ் நடந்தது. பெண்பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள். கணக்கில் எழுதாமல் போனவையும் உண்டு. தாயின் ஜனாஸாவைத் தொலைபேசியில் கேட்டு அறிந்த மகன்கள் இருக்கிறார்கள். தனியாக ஊர்ப் பொறுப்பும் வீட்டுப் பொறுப்பும் சுமந்தே முதுமைக்கு வந்த மனைவிகள் இருக்கிறார்கள். தற்காலிகம் என்று சொல்லும் ஒரு பெயர் இருந்ததால், அந்த இழப்புகளை யாரும் நிரந்தரம் என்று எண்ணிப் பார்க்கவில்லை. இந்தச் சொல் செய்த நன்மையும் தீமையும் அதுதான் என்பது என் முடிவு.

உங்கள் தெருவிலும் ஒரு சபுராளி இந்த மாதம் விடுமுறையில் வந்திருக்கலாம். சலாம் சொன்ன கையோடு ‘எப்போ திரும்பப் போறீங்க?’ என்று அவரிடம் கேட்காதீர்கள். சாப்பிட்டாரா என்று கேளுங்கள்.