மலையாளத்துக்குப் போன புகையிலை

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளில் தேங்கும் மழைநீரை நம்பித்தான் எங்கள் தோட்டங்கள். தண்ணீரும் எருவும் ஆளும் ஓயாமல் கேட்கிற புகையிலை, அப்படிப்பட்ட மண்ணில் ஒல்லாந்தர் காலம் தொட்டு அரசாண்டது. கடலுக்கு அப்பால் அதை வாங்க ஒரு நாடு இருந்ததே காரணம். அந்த நாடான திருவிதாங்கூரை எங்கள் ஊரில் மலையாளம் என்பார்கள். அங்கே போன இலைக்குப் பெயரே மலையாளப் புகையிலை.

விவசாயப் போதனாசிரியராக வலிகாமத்துத் தறைகளில் காலம் கழித்தவன் நான். எங்கள் அப்புவும் புகையிலைக்காரர். யாழ்ப்பாணக் கமக்காரனின் உழைப்பை 1859இல் வெளிவந்த இலங்கை பற்றிய தம் நூலில் எமர்சன் டெனன்ட் மெச்சி எழுதினார். இன்றுவரை நாமும் அதையே சொல்லிப் பெருமைப்படுகிறோம். உழைத்தது யார், விலை வைத்தது யார் என்று கேட்டால்தான் இந்த வரலாறு முழுமையாகும்.

மழையோடு நாற்றுமேடை, மார்கழி, தையில் நடுகை. அதற்கு முன்பே தறையில் ஆட்டுப்பட்டி அடைத்து, பூவரசங்குழை தாழ்த்துவார்கள். பிறகு இறைப்பு. அந்நாளில் விடியுமுன் கிணற்றுத் துலாவில் ஏறியவர்கள் முன்னும் பின்னும் நடக்க, கீழே நிற்பவர் பட்டையைப் பிடித்துக் கவிழ்ப்பார். இன்னொருவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீரைத் திருப்பிவிடுவார். கால் தவறினால் கிணறு. பூ வராமல் நுனியைக் கிள்ள வேண்டும், இலைக்கக்கத்தில் வெடிக்கும் பக்கக் கன்றுகளை முறிக்க வேண்டும். முற்றியதை வெட்டி வாடவிட்டு, குடிலில் தொங்கவிட்டு, பொச்சுமட்டைப் புகை பிடித்துப் பாடம் போட்டால்தான் மலையாளத்தார் வெற்றிலையோடு கேட்ட அந்தக் காரம் ஏறும். கடைசியில் சிப்பம் கட்டித் தோணியேற்றுவது.

இந்த வேலையின் பாரம் நிலமில்லாதவர்களின் தோளில் இருந்தது. ஒல்லாந்தர் காலத்தில் இந்தியக் கரையிலிருந்து அடிமைகள் கொண்டுவரப்பட்டு இங்கே விற்கப்பட்டார்கள். 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டத்தில் அடிமைகளைப் பற்றித் தனிப் பிரிவே இருக்கிறது. 1844இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஒழிந்த பிறகும் துலா மிதித்ததும் குழை சுமந்ததும் பெரும்பாலும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகள். எங்கள் அப்புவின் தோட்டமும் இதற்கு விலக்கல்ல.

விலையோ தோட்டக்காரன் கையிலும் இல்லை. மிளகைப் போலவே புகையிலை வாணிகத்தையும் திருவிதாங்கூர் அரசு ஏகபோகமாக வைத்திருந்தது. அதன் வருமானத்தில் பெரிய பங்கு இதிலிருந்து வந்தது. 1863இல் திவான் மாதவராவ் ஏகபோகத்தை எடுத்துவிட்டு இறக்குமதித் தீர்வை வைத்தார். வாங்குபவன் ஒருவன் என்ற நிலை மாறியது. ஆனால் அதே சந்தையில் திருநெல்வேலி, கோயம்புத்தூர்ப் புகையிலைகளும் போட்டிக்கு நின்றன. 1930களில் மலையாளப் புகையிலைக்காக எங்களவர்கள் கூட்டுறவு விற்பனைச் சங்கம் அமைத்ததை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். தரகரிடம் கைநீட்டி நின்றவர்கள் சேர்ந்து விலை பேசத் துணிந்த முயற்சி அது.

ஏன் சிகரெட் புகையிலைக்கு முழுதாக மாறவில்லை என்று இளையவர்கள் கேட்பதுண்டு. கோடை முற்ற முற்ற எங்கள் கிணறுகளில் உவர் ஏறும். குளோரைடு மிகுந்த நீர் குடித்த இலை நன்றாக எரியாது. மெல்லுகிற இலைக்கு அது குறையில்லை. இந்தியாவிலும் இரண்டுக்கும் வழி வேறுதான்: 1947இல் ராஜமுந்திரியில் மத்திய புகையிலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது, மெல்லும் புகையிலைக்கும் சுருட்டுப் புகையிலைக்கும் 1948இல் வேடசந்தூரில் தனி நிலையம் வந்தது. எந்தக் கிணற்று இலை எதற்கு ஆகும் என்பது எங்கள் கமக்காரருக்கும் தெரிந்தே இருந்தது.

புகையிலை ஆளைக் கொல்லும். அதைப் பயிரிடுவதை விட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. ஈர இலையைக் கையாளும்போது நிக்கோட்டின் தோலுக்குள் இறங்கித் தலைசுற்றும், வாந்தி வரும். தோட்டத்திலேயே சுருண்டு உட்கார்ந்த பெண்களைக் கண்டிருக்கிறேன். புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக உடன்படிக்கையை இலங்கை 2003இலேயே ஏற்றது. 2020க்குள் பயிரிடுவதையே நிறுத்துவோம் என்றும் அரசு அறிவித்தது. அறிவிப்போடு நின்றது.

1970களில் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறக்குமதித் தடை இருந்தபோது எங்கள் கமக்காரர் தாமாகவே அவற்றுக்குத் திரும்பினார்கள். வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். 1977க்குப் பின் சந்தை திறந்தது, விலை விழுந்தது. அதனால் கொழும்பில் திட்டம் போடுபவர்களிடம் கேட்கிறேன்: வெங்காயம் கிண்டும் மாதத்தில் கப்பலில் வெங்காயத்தை இறக்கிக்கொண்டு, புகையிலையை விடு என்று சொல்லாதீர்கள். நடுகைக்கு முன்பே மாற்றுப் பயிரின் விலையை அறிவியுங்கள். அந்த விலையில், கூலிக்கு வருகிற பெண்ணின் நாட்சம்பளத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.