கார் கம்பெனி ஓட்டிய விமானம்

மலேசிய விமானச் சேவையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1947-இல் தொடங்குகிறார்கள். அதற்குப் பத்து வருஷம் முன்பே டிக்கெட் வாங்கிக்கொண்டு கோலாலம்பூருக்குப் பறந்து வந்தவர்கள் உண்டு. அந்தச் சேவையை நடத்தியது ஒரு கார் கம்பெனி.

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சார்லஸ் வேர்ன், தியோடர் வேர்ன் என்ற சகோதரர்கள் 1906-இல் சிங்கப்பூரில் தொழில் தொடங்கினார்கள். பிறகு ஃபோர்டு கார் விற்றார்கள். ரப்பர் விலை ஏறிய காலம். தோட்டத் துரைமாருக்கு டவுன் போய்வரக் கார் தேவைப்பட்டது. தூரத்தைக் காசாக்கப் பழகியவர்கள் விமானத்துக்கு வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

1937 ஜூன் 12-இல் சிங்கப்பூரில் காலாங் விமான நிலையம் திறந்தது. லண்டன்–ஆஸ்திரேலியா விமானங்கள் ஏற்கெனவே சிங்கப்பூர் வந்து போய்க்கொண்டிருந்தன. ஆனால் அங்கே இறங்கியவர் கோலாலம்பூர் வர ரயிலைத்தான் பிடிக்க வேண்டும். திறப்பு விழாப் பேச்சு ஓய்வதற்குள், ஜூன் 28-இல், வேர்ன் விமானம் சிங்கப்பூரில் கிளம்பி, கோலாலம்பூரைத் தொட்டு, பினாங்கு போய்ச் சேர்ந்தது.

விமானம் டிராகன் ரேபிட். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இறக்கை, இரண்டு எஞ்சின், ஒட்டுப்பலகையும் துணியும் கொண்டு செய்த உடம்பு. உள்ளே எட்டுப் பேர் உட்காரலாம். சக்கரம் உள்ளே மடங்காது. காற்றைச் சமாளிக்க அதற்குக் கால்சட்டை மாதிரி ஓர் உறை. முதல் விமானத்துக்குக் கவர்னர் ராஃபிள்ஸ் என்றும் அடுத்ததற்குக் கவர்னர் ஃபுல்லர்டன் என்றும் பெயர். கார் வியாபாரிக்கும் கவர்னர் தயவு வேண்டியிருந்ததோ என்னவோ! பிறகு ஈப்போவும் சேர்ந்தது, சேவை தினசரி ஆனது.

செமினியிலிருந்து காஜாங் வழியாக டவுனுக்குப் போகும்போது வருமே சுங்கை பீசி, கோலாலம்பூரின் விமானத் திடல் அங்கேதான் இருந்தது. செமினிப் பக்கமெல்லாம் அப்போது பால்மரக் காடு. பால் வெட்டும் ஆளுக்கு நாளுக்கு ஏறக்குறைய அரை வெள்ளி கூலி. அண்ணாந்து பார்க்க மட்டும் டிக்கெட் வேண்டாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே 1937 அக்டோபரில் இரண்டு கப்பல் கம்பெனிகளும் இம்பீரியல் ஏர்வேஸும் சேர்ந்து மலாயன் ஏர்வேஸைப் பதிவு செய்தன. பெரிய முதலாளிகள்தான், ஆனால் அவர்கள் விமானம் கிளம்பப் பத்து வருஷம் ஆயிற்று. ஜப்பான்காரன் வந்ததும் வேர்ன் சேவை நின்றது. போருக்குப் பின், 1947 மே 1-இல், மலாயன் ஏர்வேஸ் அட்டவணை போட்டுப் பறக்கத் தொடங்கியது: சிங்கப்பூர், கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு. வேர்ன் போட்டுவைத்த தடம்தான். வேர்ன் கம்பெனியோ கார் வியாபாரத்தோடு இருந்துவிட்டது.