எழுதும் கையும் இளஞ்சிறாரும்

எழுத்தின் வரலாற்றை ஆராய்ந்தோர் பலர். கல்வெட்டு, ஓலைச்சுவடி, அச்சு ஆகியன பற்றி நூல்கள் பல எழுந்துள. ஆயின், எழுதுங் கை பட்ட நோவின் வரலாறு அத்துணை ஆராயப்பட்டிலது. நான்கு வரி எழுதியதும் எழுதுகோலைக் கீழே வைத்து விரல்களை உதறும் சிறுவனை மடியன் என ஒதுக்குதல் வகுப்பறைகளில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். அவ்வழக்கு எத்துணைப் பிழைபட்டது என்பதை வரலாறு தெளிவுறுத்தும்.

தொழில்வழி நோய்களை ஆராயும் மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படுபவர் இத்தாலிய மருத்துவர் பேர்ணாடீனோ இறமற்சீனி. 1700 இல் தாம் வெளியிட்ட நூலின் 1713 ஆம் ஆண்டுப் பதிப்பிலே அவர் எழுத்தருக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். இடையறாது அமர்ந்திருத்தல், கையை ஒரேவகையாக ஓயாது இயக்கல், பிழை நேராதவாறு மனத்தை இறுக்கிவைத்தல் என எழுத்தர் நோய்க்கு மூன்று காரணங்களைக் கூறினார். வலக்கை செயலிழந்தபின் இடக்கையால் எழுதப் பழகிய எழுத்தர் ஒருவர்க்கு அக்கையும் பின்னர் அந்நிலையே எய்திற்று என்பதும் அவர் குறித்த செய்தி. நோவு கையிலே தோன்றினும், அதன் காரணம் கை மாத்திரம் அன்று என்பது இதனாற் புலனாகும்.

இவ்வறிவு பள்ளிக்கூடத்தை எட்டப் பன்னெடுங்காலம் சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பேர்மிங்ஹாம் நகரில் உருக்குப் பேனைமுனைகள் பெருந்தொகையாகச் செய்யப்பட்டன. கூரிய அம்முனையாற் கீழ்நோக்கிய கோட்டை அழுத்தியும் மேல்நோக்கிய கோட்டை மெலிதாகவும் வரைதல் வேண்டும். வளர்ந்தோர் நெடுநாட் பழகி அடைந்த அவ்வழகைப் பிஞ்சு விரல்களிடமும் எதிர்பார்த்தனர். அந்நூற்றாண்டின் இறுதியில், சாய்வெழுத்து முதுகை வளைத்துக் கண்ணையும் கெடுக்கும் என மருத்துவர் சிலர் எச்சரிக்கவே, நேர்நிலை எழுத்து இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பரவிற்று. எழுத்தின் சாய்வு மாறியதேயன்றி, எழுத்தின் வடிவையும் கோலை ஆளும் திறனையும் ஒருங்கே கற்குமாறு குழந்தையை வற்புறுத்தும் முறை மாறவில்லை.

அவ்விரண்டையும் வேறுபிரித்தவர் மரியா மொண்டிசோரி அம்மையார் (1870 - 1952). 1896 இல் உரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், அறிவு வளர்ச்சி குன்றிய சிறாரிடையே பணியாற்றுங்கால், 11 வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தையல் பயிற்ற முயன்றார். கையில் வலுவிருந்தும் அவளுக்கு ஊசியோட்டம் கைவரவில்லை. அம்மையார் தையலை நிறுத்தி, கீற்றுகளை மேலுங் கீழுமாகக் கோத்துப் பின்னும் பின்னல் வேலையை அளித்தார். அதில் அவள் தேர்ந்தபின் மீண்டும் ஊசியைக் கொடுக்க, தையலும் கைகூடிற்று. ஒரு செயலைச் செய்யுமுன்னரே அதற்குரிய அசைவுகளைக் கைக்குப் பழக்குதல் கூடும் என அவர் தெளிந்தார்.

1907 சனவரியில் உரோமாபுரியின் சான் லொறென்சோப் பகுதியிலே, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கெனத் திறக்கப்பட்ட குழந்தைகள் இல்லத்தில் இக்கொள்கை எழுத்துக்கும் பயன்பட்டது. மணல் ஒட்டிய சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துக்களைக் குழந்தைகள் விரலால் தடவி வடிவறிந்தனர். வேறு வேளையில் உலோகச் சட்டங்களின் ஓரத்தைத் தொடர்ந்து கோடு வரைந்து, வண்ணக் கோல்களால் உள்ளிடத்தை நிரப்பி, எழுதுகோலை ஆளப் பழகினர். அவ்வாண்டு திசெம்பரில், புகைபோக்கி ஒன்றைச் சுண்ணக்கட்டியால் வரைந்த ஐந்து வயதுச் சிறுவன், தனக்கு எழுதத் தெரியும் எனக் களிப்புடன் கூவித் தரையில் எழுதலானான். அவன் எழுதிய முதற்சொல் 'கை' என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல்லாகும்.

விரலால் எழுத்தறிதல் தமிழர்க்குப் புதிதன்று. ஏடு தொடக்கும் நாளிலே அரிசியில் எழுதுவித்து, பின் மணலில் பழக்கி, அதன் பின்னரே எழுத்தாணியும் ஓலையும் வழங்கினர் நம் முன்னோர். ஓலையைக் கீறும் அழுத்தம் முதல்நாளிலேயே வேண்டப்பட்டிலது. 1789 இல் சென்னையில் படைவீரர் மக்களுக்கான அநாதைப் பள்ளியின் பொறுப்பேற்ற அந்திரூ பெல், உள்ளூர்ச் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு தமது பள்ளியிலும் அதனைக் கையாண்டார். 1797 இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூல்வழி அம்முறை ஆங்கில நாட்டையும் அடைந்தது. மொண்டிசோரி அம்மையாரும் 1939 இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, 1944 இல் இலங்கையிலும் ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார்.

இவற்றாற் பெறப்படும் படிப்பினை யாது? எழுதுங்கால் கை நோகும் குழந்தையை மேலும் பத்துப் பக்கம் எழுதுமாறு பணித்தல் மருந்தாகாது. பாதம் நிலத்தில் ஊன்றுகிறதா, மேசை முழங்கையின் உயரத்துக்கு ஏற்றதா, விரல்கள் கோலை அளவின்றி இறுக்குகின்றனவா என ஆசிரியர் முதலில் நோக்கல் வேண்டும். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்குத் தாளை வலப்புறம் சாய்த்துவைக்கக் காட்டுதல் நன்று. கையை மாற்றுவித்தல் தீது. களிமண் வேலை, கோலம், சித்திரம் என்பன விரலைப் பதப்படுத்தும். இத்துணை செய்தும் நோவு நீங்காதாயின் மருத்துவர் துணையை நாடுதலும், அறிந்ததை வாயாற் கூற அப்பிள்ளைக்கு இடமளித்தலும் தகும். விரல் நொந்தமையால் எழுதப்படாத விடையை அறியாத விடை எனக் கணித்துப் புள்ளி குறைத்தல் நீதியன்று. உரோமாபுரிச் சிறுவன் முதலில் எழுதியது கை என்னும் சொல்லையே. ஆசிரியர் முதலில் நோக்கற்பாலதும் அதுவேயாம்.